போட்ட தண்டவாளத்தைக் கழற்றலாமா?

மொனோப்பொலி விளையாடின ஆக்களுக்கு இது தெரியும். லண்டன் பலகையில் நாலு ஸ்ரேசன் இருக்கு: கிங்ஸ் குறொஸ், மரிலிபோன், பென்சர்ச் ஸ்ரீற், லிவர்பூல் ஸ்ரீற். ஒன்றை வைத்திருந்தால் வாடகை 25 பவுண், நாலையும் வைத்திருந்தால் 200. ஆனால் விடிய விடிய விளையாடினாலும் அந்தப் பலகையில் ஒரு ரயிலும் ஓடாது. தண்டவாளம் தேயாது, சிலிப்பர் கட்டை உக்காது, கடவையில் கேற் போடுறதுக்கு ஒரு ஆளும் தேவையில்லை. ஸ்ரேசனை வாங்கிவிட்டு, ஆர் வந்து நிக்கினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தால் காசு வரும்.

கொக்குவிலில் நாங்கள் சிலபேர் வடபகுதி ரயில்பாதையை வைத்து ஒரு பலகை விளையாட்டுச் செய்துகொண்டிருக்கிறோம். ரயில் சேவையைத் தனியாருக்குத் திறந்துவிட்டால் என்ன நடக்கும், போட்டி வந்தால் ஆர் வெல்லுவினம், ஆர் செலவைச் சுமப்பினம் என்பதுதான் ஆட்டம். விதி எழுதத் தொடங்கினால் சரித்திரம் வாசிக்காமல் ஒரு வரியும் எழுத ஏலாது. அப்படி வாசித்ததில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

மொனோப்பொலிக்கு முன்னால் 'லாண்ட்லோட்ஸ் கேம்' என்றொரு ஆட்டம் இருந்தது. அமெரிக்காவில் எலிசபெத் மகீ என்ற பெண் 1904 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தை வைத்திருப்பவன் உழைக்காமலே எப்படிப் பணக்காரன் ஆகிறான் என்று காட்டுவதுதான் அவருடைய நோக்கம். பின்னாளில் ஒரே பலகைக்கு அவர் இரண்டு வகை விதி வைத்தார். ஒன்றில் ஒருவர் மற்ற எல்லாரையும் முறித்து வெல்லலாம். மற்றதில் நில வாடகை பொதுப்பணத்துக்குப் போகும், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாய் முன்னேறுவார்கள். 1935 இல் பார்க்கர் பிறதர்ஸ் கொம்பனி சந்தைக்குக் கொண்டுவந்த மொனோப்பொலியில் முதல் வகைதான் மிஞ்சியது. எங்களுக்கு அவரிடம் பிடித்தது, பலகை ஒன்றாக இருந்தாலும் விதியை மாற்றினால் வேறு உலகம் வரும் என்ற அந்த யோசனை. ரயில் தனியார்மயம் என்று கதைக்கிறபோது நடப்பதும் அதுதான். தண்டவாளம் அதே தண்டவாளம். காசு எந்தப் பக்கம் ஓடுது என்பதுதான் மாறும்.

ரயிலையே மையமாக வைத்த ஆட்டங்களுக்குத் தகப்பன் பிரான்சிஸ் றெஷம் என்ற ஆங்கிலேயர். 1974 இல் '1829' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். 1986 இல் அமெரிக்காவின் அவலோன் ஹில் கொம்பனி அவருடைய '1830' ஐக் கொண்டுவந்தது. (கம்ப்யூட்டரில் 'ரெயில்ரோட் ரைகூன்' விளையாடின ஆக்கள் இவருக்குத்தான் கடமைப்பட்டவர்கள்.) இந்த ஆட்டங்களில் தாயக்கட்டை உருட்டல் இல்லை. பங்கு வாங்கலாம், கொம்பனி தொடங்கலாம், பாதை போடலாம், ரயில் வாங்கலாம். புது வகை ரயில் சந்தைக்கு வந்தால் பழைய வகை துருப்பிடித்துப் போகும், பலகையில் இருந்து எடுத்துவிட வேண்டும். ரயில் இல்லாத கொம்பனிக்கு அதன் தலைவர் தன் கைக்காசு போட்டு ரயில் வாங்கியே ஆகவேண்டும். ஆகவே கெட்டிக்காரர் என்ன செய்வார்? கொம்பனியின் காசை வழிச்சுத் துடைச்சுவிட்டு, ரயில் துருப்பிடிக்கிறதுக்கு முதல் சுற்றிலே தன் பங்குகளை விற்பார். அடுத்த கூடுதல் பங்குக்காரர் தலையில் தலைவர் பதவி வந்து விழும், வெறுங்கோதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழிப்பார். ஒருவர் முறிந்துபோனால் ஆட்டமே அந்த இடத்தில் முடிந்துவிடும்.

றெஷம் 1989 இல் இந்திய ரயில்வேயை வைத்து '1853' என்று ஒன்று செய்தார். இந்தியாவின் உண்மைக் கதைக்குள் வேறொரு விதி இருந்தது. லண்டனில் பங்கு போட்டவர்களுக்கு, ரயில் இலாபத்தில் ஓடினாலும் நட்டத்தில் ஓடினாலும் 5 வீத வருமானம் நிச்சயம் என்று அரசு உத்தரவாதம் கொடுத்தது. 1849 இல் கிழக்கிந்திய ரயில்வேயோடும் கிரேற் இண்டியன் பெனின்சுலாவோடும் செய்த ஒப்பந்தங்கள் அந்த வகை. குறைவதை இந்திய வரிப்பணம் நிரப்பும். நட்டப்பட ஏலாத ஒரு விளையாட்டுக்காரன் எப்படி விளையாடுவான் என்று யோசித்துப் பாருங்கோ. செலவைப் பற்றிக் கவலைப்படவே மாட்டான்.

இலங்கையும் கொம்பனியோடுதான் தொடங்கியது. 1845 இல் சிலோன் ரயில்வே கொம்பனி உருவானது. கோப்பித் தோட்டக்காரருக்குக் கண்டியில் இருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு பாதை வேண்டும். 1858 இல் தேசாதிபதி ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டினார். அதற்குள் மதிப்பீடு ஏறத் தொடங்கிவிட்டது. 8 இலட்சத்துச் சொச்சம் பவுண் என்று சொன்ன வேலை 20 இலட்சத்தைத் தாண்டும் என்றார்கள். ஒப்பந்தம் முறிந்தது, அரசு பாதையைத் தன் கையில் எடுத்தது, பேவியல் என்ற ஒப்பந்தகாரர் கட்டி முடித்தார். 1864 டிசெம்பர் 27 இல் கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி போனது. அன்றில் இருந்து இன்றுவரை இலங்கை ரயில் அரசாங்கத்தின் ஒரு திணைக்களம். ஆக, இங்கே தனியார் ரயில் புதுக்கதை இல்லை. ஓட முதலே முடிந்த பழைய கதை.

எங்கட பக்கத்துக்கு வருவம். 1902 மார்ச் 11 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதல் கோச்சி ஓடியது. கொக்குவில் வயலுக்குள்ளாலும் பனங்கூடலுக்குள்ளாலும் புகை விட்டுக்கொண்டு போன அந்த வண்டிக்குத் தென்னிலங்கையோடு தொடுப்பே இல்லை. குடாநாட்டுக்குள்ளே மட்டும் ஓடின தனித்துண்டுப் பாதை. 1905 ஓகஸ்ட் 1 இல்தான் கொழும்போடு முழுப்பாதையும் சேர்ந்தது. இடையில் வன்னிக் காடு. ஆள் இல்லாத காட்டுக்குள்ளால் இவ்வளவு தூரம் பாதை போட்டால் காசு திரும்பி வருமா என்பதுதான் அந்தக் காலத்துப் பெரிய கேள்வி. போட்டிச் சந்தையிடம் விட்டிருந்தால் எந்தக் கொம்பனியும் அந்தக் காட்டுத்துண்டைப் போட்டிருக்காது என்று நான் நினைக்கிறேன். எங்கள் பலகையில் மதவாச்சிக்கும் பளைக்கும் இடையில் உள்ள கட்டங்களுக்கு வருமானம் கிட்டத்தட்டப் பூச்சியம். ஆனால் அதைத் தாண்டாமல் ஒரு பெட்டிச் சுருட்டும் கொழும்புக்குப் போகாது.

சுருட்டு என்று சொன்னது சும்மா இல்லை. கொக்குவில், கோண்டாவில் பக்கத்துக்கு ரயில் என்றால் சுருட்டு. கொட்டில்களில் வரிசையாய் இருந்து சுத்துவார்கள், ஒருவர் பேப்பரோ தொடர்கதையோ உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். சுத்தின சுருட்டு தென்னிலங்கை நகரங்களில் எங்கட ஆக்கள் வைத்திருந்த கடைகளுக்குப் போகும். பிறகு வெங்காயம், மிளகாய். காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. 1956 ஏப்ரல் 23 இல் யாழ்தேவி. பலகையில் சாமான்களுக்கு வைத்த நிறக்கட்டைகளில் மண்ணிறம் சுருட்டு, சாம்பல் சீமெந்து, சிவப்பு மிளகாய்.

இந்தப் பாதையில் றெஷம் வழியில் மூன்று கொம்பனியை இறக்கிப் பார்த்தால் ஆட்டம் மூன்றாம் சுற்றைத் தாண்டாது. காரணம் இலகு. இது ஒற்றைப் பாதை. தெற்கே போகிற வண்டியும் வடக்கே வருகிற வண்டியும் ஸ்ரேசனில்தான் ஒன்றை ஒன்று விலத்தலாம். யாழ்தேவியில் போனவர்கள் எல்லாருக்கும் அந்த அனுபவம் இருக்கும்: வண்டி எங்கேயோ ஒரு சின்ன ஸ்ரேசனில் நின்றுவிடும், காரணம் ஒருவரும் சொல்லமாட்டினம், கால் மணித்தியாலம் கழித்து எதிர்ப்பக்கத்தால் ஒன்று விர்ரென்று போகும், பிறகு எங்கட வண்டி முனகிக்கொண்டு வெளிக்கிடும். ஒரே அரசாங்கம் இரண்டு வண்டியையும் ஓட்டுகிறபோது ஆர் காத்து நிற்கிறது என்பது ஒரு உத்தியோகத்தர் எடுக்கிற முடிவு. இரண்டு கொம்பனி ஓட்டினால் அது காசுக்கணக்கு. நிற்கிற ஒவ்வொரு நிமிசத்துக்கும் ஆரோ ஆருக்கோ கட்டவேண்டும். ஒற்றைப் பாதையில் விற்கக்கூடிய உண்மையான சாமான் ரயிலும் இல்லை, ரிக்கெற்றும் இல்லை. 'நான் போறன், நீ நில்' என்ற உரிமைதான். ஆகவே எங்கள் ஆட்டத்தில் ஏலம் போகிறது பாதை இல்லை, நேரம்.

ஏலம் என்றவுடன் எங்களுக்கு 304 ஞாபகம் வந்தது. கடுதாசி விளையாட்டில் வளர்ந்த ஊரில் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, எண்டாலும் வெளிநாட்டில் பிறந்த தம்பி தங்கச்சிமாருக்காக: வீரனுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கும் 304. இதில் கெட்டித்தனம் எங்கே என்றால், கையில் முதல் நாலு தாள் வந்தவுடனேயே எவ்வளவு எடுப்பேன் என்று கேட்கவேண்டும். மிச்ச நாலு தாள் பிறகுதான் வரும். கூடக் கேட்டவர் துரும்பு வைப்பார். கேட்டதை எடுக்காவிட்டால் தண்டனை அவருக்குத்தான்.

பிரித்தானியா 1993 இல் ரயில்வே சட்டம் கொண்டுவந்து செய்தது கிட்டத்தட்ட 304 தான், கடைசி விதி மட்டும் இல்லாமல். பிரிட்டிஷ் ரெயிலை நூறுக்கு மேற்பட்ட துண்டுகளாக்கினார்கள். தண்டவாளம் ரெயில்ட்ராக் என்ற கொம்பனிக்கு. பெட்டிகளும் இஞ்சின்களும் வாடகைக்கு விடும் மூன்று கொம்பனிகளுக்கு. பயணிகள் சேவை 25 குத்தகைகளாக ஏலத்துக்கு. லண்டனில் இருந்து எடின்பரோ போகிற கிழக்குக் கரைப் பாதையை எடுங்கோ. 2005 இல் ஜி.என்.ஈ.ஆர். கொம்பனி அரசுக்கு 130 கோடிப் பவுண் தருவதாகக் கேட்டு எடுத்தது, முடியாமல் விட்டது. 2007 இல் நஷனல் எக்ஸ்பிரஸ் 140 கோடி கேட்டது, 2009 இல் கையை விரித்தது. பிறகு ஸ்டேஜ்கோச்சும் வேர்ஜினும் சேர்ந்து 330 கோடி கேட்டார்கள், 2018 இல் அதுவும் முடிந்தது. மூன்று தரமும் முதல் நாலு தாளைப் பார்த்துப் பெரிசாய்க் கேட்டவர்கள், மிச்சத் தாள் வந்தவுடன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிப் போனார்கள். ரயிலை நிற்பாட்ட ஏலாது. ஆகவே அரசு எடுத்து ஓட்டவேண்டி வந்தது. தாங்கள் வைத்த பிணைப்பணத்தை அவர்கள் இழந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் கேட்ட தொகையோடு பார்த்தால் அது சின்னக்காசு.

தண்டவாளக்காரன் கதை இன்னும் மோசம். ரெயில்ட்ராக் 1996 இல் பங்குச்சந்தைக்கு வந்தது. பராமரிப்பு வேலையை வேறு ஒப்பந்தகாரரிடம் கொடுத்தது. 2000 ஒக்ரோபர் 17 இல் ஹற்பீல்ட் என்ற இடத்தில் வெடிப்பு விழுந்த தண்டவாளம் உடைந்து வண்டி தடம்புரண்டது, நாலு பேர் செத்துப்போனார்கள். வேறெங்கெங்கே வெடிப்பு இருக்கிறது என்று கொம்பனிக்குத் தெளிவாய்த் தெரியவில்லை. நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு வருசத்துக்குள் ரெயில்ட்ராக் முறிந்தது, 2002 இல் நெற்வேர்க் ரெயில் அந்த இடத்தை எடுத்தது. 2024 இல் பயணிகள் சேவையையும் அரசுடைமை ஆக்கச் சட்டம் போட்டார்கள். எலிசபெத் மகீ இருந்திருந்தால் சிரித்திருப்பார்: முப்பது வருசம் விளையாடிவிட்டு இரண்டாவது விதிப்புத்தகத்தை எடுக்கிறார்கள்.

எங்கும் இப்படித்தான் முடியும் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 1980 இன் ஸ்ராகர்ஸ் சட்டம் சாமான் ரயில்களின் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபிறகு, முறியும் நிலையில் இருந்த கொம்பனிகள் நிமிர்ந்தன. அங்கே தண்டவாளமும் வண்டியும் ஒரே கொம்பனியிடம். கட்டையை உக்கவிட்டால் தன் வண்டிதான் கவிழும். ஆனால் போட்டி பெருகவில்லை, ஒன்றை ஒன்று விழுங்கி இப்போது பெரிய கொம்பனி ஆறுதான். யப்பான் 1987 இல் பிரித்தபோது தோக்கியோப் பக்கம் கொழுத்தது, ஹொக்கைடோ மெலிந்தது. ஆள் குறைந்த இடத்துப் பாதை எந்த நாட்டிலும் வன்னிக் காடுதான்.

அப்ப வடபகுதிப் பாதைக்கு உண்மையில் போட்டி எங்கே இருந்து வந்தது? ரோட்டில் இருந்து. காங்கேசன்துறை வீதி கொக்குவிலில் ரயில்பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. தட்டிவானும் பஸ்ஸும் வந்த காலத்திலேயே சண்டை தொடங்கியது. பஸ் கொம்பனிகள் ஒன்றோடொன்று அடிபட்டு, 1942 இல் வழித்தடத்துக்கு ஒருவர் என்று அனுமதிச் சட்டம் வந்து, 1958 ஜனவரி 1 இல் பண்டாரநாயக்க அரசு எல்லாவற்றையும் தேசியமயமாக்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1979 இல் தனியார் பஸ்ஸுக்கு மறுபடி கதவு திறந்தது. இலங்கையில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது என்றால் அந்தத் திகதிதான், ரயிலுக்கு வந்த உண்மையான போட்டியும் அதுதான். அதற்கு இரண்டு வருசம் முன்னமே ரயில் வேறு பக்கத்தால் அடி வாங்கியிருந்தது. எழுபதுகளில் இறக்குமதித் தடையால் உயர்ந்த யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் 1977 இன் திறந்த பொருளாதாரத்தோடு விழுந்தன. ரயில் விதியில் ஒரு எழுத்தையும் மாற்றாமலே சாமான் பெட்டி காலியாகத் தொடங்கியது. பலகையில் சிவப்புக் கட்டைகளைப் பாதியாகக் குறைக்கிற அட்டை ஒன்று இதற்காகவே இருக்கு. எல்லாரும் வெறுக்கிற அட்டை.

ரோட்டும் ரயிலும் போட்டி போடுறது நியாயமான போட்டியா? பஸ்காரர் எரிபொருள் வரி கட்டுகிறார், அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டுகிறார். ஆனால் A9 இல் குழி விழுந்தால் அவர் கணக்கில் அது விழாது. ரயில் திணைக்களத்தின் கணக்கில் ஒவ்வொரு சிலிப்பரும் விழும். பிறகு 'ரயில் நட்டத்தில் ஓடுது' என்று தலைப்புச் செய்தி. 2011, 2012 அளவில் கண்டி, பதுளைப் பக்கம் தனியார் சொகுசுப் பெட்டிகளை அரசாங்க வண்டிகளில் கொழுவி ஓடவிட்டார்கள். ராஜதானி எக்ஸ்பிரஸ், எக்ஸ்போ ரெயில் என்று பெயர். இஞ்சின் அரசாங்கத்தின்ர, தண்டவாளம் அரசாங்கத்தின்ர, கடவைக் கேற்றும் அரசாங்கத்தின்ர. தனியாரிடம் இருந்தது மெத்தைக் கதிரை. இதைப் போட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடவையைப் பற்றி எங்கள் ஆட்டத்தில் ஒரு தனி விதி உண்டு. பாதை திரும்ப வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் பாதுகாப்பில்லாத கடவைகளில் நடந்த விபத்துகளை நாங்கள் எல்லாரும் பேப்பரில் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடவையில் நிற்கிற காப்பாளர்களைப் பொலிஸ் மூலம் நாளுக்கு 250 ரூபாவுக்கு எடுத்திருந்தார்கள், அவர்கள் எத்தனையோ தரம் போராடினார்கள். மொனோப்பொலியில் இல்லாத, றெஷத்திடமும் இல்லாத ஒரு செலவு இது. எங்கள் பலகையில் ஊர்க் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு காப்பாளர் வில்லை. நேரத்தை ஏலத்தில் எடுத்தவர்தான் அதற்குக் கட்டவேண்டும், கட்டாவிட்டால் அந்த ஊருக்குள் வண்டி நடைவேகத்தில்தான் போகலாம். காசு சேர்க்கப் பார்க்கிறவர்கள் முதலில் வெட்டுகிற செலவும் இதுதான் என்று விளையாடிப் பார்த்தபோது தெரிந்தது.

எல்லாவற்றையும் விட எங்களை நிற்பாட்டி வைத்த விதி வேறு. றெஷம் வழி ஆட்டங்களில் ஒரு அடிப்படை விதி இருக்கு: பாதை அட்டையை அதைவிடப் பெரிய அட்டையால் மாற்றலாம், ஆனால் ஏற்கெனவே இருந்த பாதை புது அட்டையிலும் இருக்கவேண்டும். ரயில் துருப்பிடிக்கும், கொம்பனி முறியும், பங்கு விழும். தண்டவாளம் மட்டும் போகாது. இங்கிலாந்தில் இருந்து யோசித்தவருக்கு அது இயல்பாய் இருந்திருக்கலாம். எங்களுக்கு 1990 ஜூன் இருக்கு. யாழ்ப்பாணத்துக்கு வண்டி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழற்றப்பட்டு இரண்டு பக்கத்து பங்கருக்கும் போனது. ஸ்ரேசன்களில் இடம்பெயர்ந்த சனம் குடியிருந்தது. எங்கட வயதுக்காரர் பலருக்குச் சின்ன வயதில் ரயில்பாதை என்றால் பற்றை மண்டின, ஒற்றையடிப்பாதை போகிற ஒரு மேடு. அதில் ஒருகாலம் கோச்சி ஓடினது என்று அம்மம்மாமார் சொன்னால் நம்பக் கஷ்டம்.

வவுனியாவுக்கு வடக்கே புதிதாய்ப் போடவேண்டி வந்தது. இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் போட்டது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்ரோபர் 13 இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறை. அந்த இருபத்துநாலு வருச இடைவெளிக்குள் பாதை திறந்த காலங்களில் A9 இரவு பஸ்கள் ஆட்டத்தை எடுத்துவிட்டிருந்தன. ரோட்டும் கடனில்தான், அது சீனக் கடன். பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இரண்டு கடன்கள்.

இப்போது மறுபடியும் ரயில் திணைக்களத்தை அதிகாரசபை ஆக்குறது, மறுசீரமைக்கிறது என்ற கதை 2022 நெருக்கடிக்குப் பிறகு அடிக்கடி வருகிறது. புதுக்கதை இல்லை. பிரித்தானியா சட்டம் போட்ட அதே 1993 இல் இலங்கையும் ரயில்வே அதிகாரசபைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது, திணைக்களம் திணைக்களமாகவே இருந்தது. நெருக்கடி ஆண்டில் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, ஜூலையில் காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையில் 'யாழ் ராணி' ஓடத் தொடங்கியது. கந்தோருக்குப் போகிறவர்களுக்கு அந்த மாதங்களில் வேறு வழி இருக்கவில்லை. இலாபக் கணக்குப் பார்த்து ஏலம் கேட்ட கொம்பனி ஒன்று அந்த வண்டியை அந்த வேகத்தில் விட்டிருக்குமா? எங்கள் ஆட்டத்தில் 'எரிபொருள் இல்லை' என்ற அட்டை வந்தால் பஸ் கட்டைகள் எல்லாம் ஒரு சுற்று நிற்கும். அந்தச் சுற்றில் ரயில் ஓட்டுறவர் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா கூடாதா என்று மேசையைச் சுற்றி நாங்கள் பிடித்த சண்டை இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு விதி: ஆக்கலாம், ஆனால் அடுத்த நேர ஏலத்தில் ஊர்க்காரருக்கு ஒரு வாக்கு.

1990 அட்டை இப்படி இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் ஒருநாள் அது வரும், எப்ப என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தால் வவுனியாவுக்கு வடக்கே உள்ள பாதை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டிக்குள் போடவேண்டும். நேரத்தை ஏலத்தில் எடுத்தவர்கள் காசு திரும்பக் கேட்கலாம், கிடைக்காது. நாலு சுற்றுக்குப் பிறகு பாதையைத் திரும்பப் போடலாம், வங்கியில் கடன் எடுத்து. கடன் வில்லைகள் ஒரு விளையாட்டுக்காரருக்கும் சொந்தமில்லை, மேசை நடுவில் குவிந்து இருக்கும். கடைசியில் புள்ளி எண்ணும்போது அந்தக் குவியலை இருக்கிற ஆக்களுக்குள் சரிசமனாய்ப் பிரிப்போம். இடையில் எழும்பிப் போனவருடைய கதிரைக்கும் ஒரு பங்கு வைப்போம்.